படத்தை அனுப்புகிறீர்களா, விலாசத்தை அனுப்புகிறீர்களா?

சென்ட்ரலில் ஏறி அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் தாண்டித் திருநின்றவூரில் இறங்குவதற்குள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். உட்கார இடம் கிடைத்தவர்களுக்கு அதற்குள் படம் சூடு பிடிக்கும் இடம் வந்துவிடும். மீதியை வீட்டுக்குப் போய்ப் பெரிய டிவியில் பார்க்கலாமே என்று தோன்றுவது நியாயம்தான். கல்லும் சுண்ணாம்பும் இல்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி முடித்த பூசலார் நாயனாரின் ஊர் இது. இங்கே ஒயர் இல்லாமல் படம் காட்டுவது ஒரு பெரிய விஷயமா என்ன!

ஆனால் வீட்டுக்கு வந்து அந்தப் பட்டனை அழுத்தினால் மூன்றில் ஒன்று நடக்கிறது. சில வீடுகளில் படம் ஜம்மென்று ஓடுகிறது. சில வீடுகளில் சத்தம் மட்டும் வருகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. இன்னும் சில வீடுகளில் படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, 'இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது' என்று போனுக்கு மெசேஜ் வருகிறது. மூன்றாவது ரகத்து வீட்டில் அன்று இரவு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை நிச்சயம்.

இதற்கெல்லாம் காரணம் ஒன்றுதான். 'போனிலிருந்து டிவிக்கு அனுப்புவது' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. தண்ணீர் கஷ்டம் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். தெருமுனைக் குழாயில் பிடித்து, குடத்தை இடுப்பில் வைத்து வீடு வரை நாமே சுமந்து வருவது ஒரு வகை. லாரிக்காரருக்கு போன் போட்டு வீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டு, அவர் நேராக வந்து தொட்டியை நிரப்பும்படி செய்வது இன்னொரு வகை.

முதல் வகைக்கு 'மிரரிங்' என்று பெயர். போன் திரையில் என்ன தெரிகிறதோ அதை அப்படியே படம் பிடித்து, சுருக்கி, நொடிக்கு நொடி டிவிக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சுமப்பது முழுக்க போன்தான். அதனால்தான் போன் சூடாகிறது, சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது. திரையை அணைத்தால் படமும் நின்றுவிடும். அழைப்பு வந்தால் அழைத்தவர் பெயரும் ஊரறிய டிவியில் வரும். 2012-ல் வைஃபை அலையன்ஸ் அமைப்பு 'மிராகாஸ்ட்' என்று இதற்கு ஒரு பொது முறையை வகுத்தது. இதன் பெரிய சௌகரியம், இன்டர்நெட்டே தேவையில்லை என்பது. போனும் டிவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். மழைக்காலத்தில் கேபிள் அறுந்து நெட் போய்விட்ட நாளிலும், போனில் இருக்கும் தங்கை கல்யாண வீடியோவை டிவியில் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது வகைதான் 'காஸ்ட்'. யூடியூப் போன்ற ஆப்களின் மேல் ஓரத்தில், டிவி மாதிரி ஒரு கட்டமும் அதன் மூலையில் வைஃபை வளைவுகளும் இருக்குமே, அந்தப் படம். அதைத் தொட்டால் போன் படத்தை அனுப்புவதே இல்லை. 'இந்தப் படம், இத்தனையாவது நிமிடத்திலிருந்து' என்று டிவிக்கு விலாசத்தை மட்டும் சொல்கிறது. டிவி தானே இன்டர்நெட்டில் போய் அதை எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு போன் வெறும் ரிமோட். திரையை அணைக்கலாம், வேறு ஆளிடம் பேசலாம், சார்ஜ் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம். படமும் இதில்தான் தெளிவாக இருக்கும். ஆப்பில் காஸ்ட் பட்டன் இருக்கும்போது மிரரிங் பக்கம் போவது வீண் வேலை.

இந்த வித்தியாசம் புரிந்தால் டேட்டா எங்கே போனது என்பதும் புரியும். வீட்டில் தனி வைஃபை இணைப்பு இல்லாதவர்கள் போன் ஹாட்ஸ்பாட்டை டிவிக்குக் கொடுக்கிறார்கள். பெரும்பாலான போன்களில் இது வேலை செய்யும், தப்பில்லை. ஆனால் சின்னத் திரையில் பார்த்தபோது குறைந்த தரத்தில் வந்த அதே படத்தை, டிவி தன் அகலத்துக்கு ஏற்ப உயர்ந்த தரத்தில் கேட்டு வாங்கும். நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனமே சொல்லும் கணக்குப்படி, ஹெச்.டி. தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை ஆகும், 4கே என்றால் 7 ஜி.பி. வரை. ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. என்று ரீசார்ஜ் செய்திருப்பவருக்கு அரை மணி நேரத்தில் கதை முடிந்தது. யூடியூபில் பார்க்கும்போது டிவி திரையில் தெரியும் பல்சக்கரப் படத்துக்குள் போய்த் தரத்தை 480 என்று இறக்கி வைத்தால் போதும். 32 இன்ச் டிவியில் சீரியல் பார்க்க அதற்கு மேல் தேவையில்லை.

அடுத்தது கறுப்புத் திரை. இதைப் பார்த்ததும் டிவி மெக்கானிக்கைக் கூப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். டிவியிலும் குறை இல்லை, போனிலும் குறை இல்லை. படத்தின் உரிமையாளர்கள் திருட்டுக்குப் பயந்து பூட்டுப் போட்டிருக்கிறார்கள். திரையை நகல் எடுக்க முயன்றால் அந்த ஆப் படத்தை மறைத்துவிடும். மிரரிங் என்பதும் ஒரு வகையில் நகல்தானே! வாங்கிய சந்தாவையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நெட்ஃப்ளிக்ஸ் 2019-ல் இந்தியாவுக்கென்று கொண்டுவந்த மொபைல் திட்டம், பெயருக்கு ஏற்ப போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான். அதை எந்த வித்தை செய்தும் டிவிக்குக் கொண்டுபோக முடியாது. போதாததற்கு 2025 இறுதியில், ரிமோட்டோடு வரும் பெரும்பாலான டிவிகளுக்கும் கருவிகளுக்கும் போனிலிருந்து காஸ்ட் செய்யும் வசதியையே அந்த நிறுவனம் எடுத்துவிட்டது. டிவியில் உள்ள ஆப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டும். காசு கொடுப்பவரைக் கேட்காமலே பட்டனைப் பிடுங்குவது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது.

பட்டனின் பெயரிலும் ஒரு குழப்பம். சாம்சங் போனில் 'ஸ்மார்ட் வியூ' என்று இருக்கும். ஷாவ்மியில் 'காஸ்ட்', ஓப்போ, ரியல்மீ போன்களில் 'ஸ்கிரீன்காஸ்ட்'. கூகுளின் பிக்சல் போன்களில் மிராகாஸ்ட் கிடையாது, கூகுள் காஸ்ட் உள்ள டிவி வேண்டும். ஐபோனுக்கு 'ஏர்பிளே' என்று தனி வழி; 2019-லிருந்து சாம்சங், எல்ஜி, சோனி நிறுவனங்களின் பல டிவிகளில் அது உள்ளேயே வருகிறது. புது டிவி வாங்கும்போது கடைக்காரர் 'ஆண்ட்ராய்டுதான் சார்' என்று சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. கூகுளின் அங்கீகாரம் பெற்ற 'கூகுள் டிவி' அல்லது 'ஆண்ட்ராய்டு டிவி'யா, காஸ்ட் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு, உங்கள் போனை வைத்தே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். விலை குறைந்த சில டிவிகளில் ஆண்ட்ராய்டு என்ற பெயர் இருக்கும், காஸ்ட் இருக்காது.

காஸ்ட் செய்யும்போது டிவி பெயரே பட்டியலில் வரவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது போன் எந்த இணைப்பில் இருக்கிறது என்பதை. டிவி வைஃபையில் இருக்கும், போன் மொபைல் டேட்டாவில் இருக்கும். இரண்டும் ஒரே வைஃபைக்குள் வந்தால்தான் ஒன்றையொன்று பார்க்கும். யூடியூபுக்கு மட்டும் ஒரு மாற்று வழி உண்டு. டிவியில் யூடியூபின் செட்டிங்ஸில் எண்களாக ஒரு கோடு வரும், அதைப் போனில் போட்டால் இணைப்பு வேறாக இருந்தாலும் சேர்ந்துவிடும். படம் விட்டுவிட்டு வந்தால் ரவுட்டர் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டி ஓரளவு போகும், ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு வைஃபைகளின் நெரிசலும் அதில் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் குறுக்கே வந்தாலே தளர்ந்துவிடும். டிவியும் ரவுட்டரும் ஒரே ஹாலில் இருந்தால் 5-தான் சரி.

இங்கேதான் பலர் யோசிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. திருநின்றவூர் போன்ற புறநகர்களில் கீழே வீட்டுக்காரர், மாடி போர்ஷனில் குடித்தனம் என்பது சகஜம். ஒரே வைஃபையை இரண்டு வீட்டாரும் பகிர்ந்துகொண்டு பில்லைப் பாதிப் பாதி கட்டுவதும் சகஜம். செலவு மிச்சம்தான். ஆனால் ஒரே வைஃபையில் இருக்கும் எல்லாப் போனுக்கும் உங்கள் டிவி தெரியும். மாடி வீட்டுப் பையன் தன் டிவி என்று நினைத்து ஒரு பட்டனைத் தொட்டால், உங்கள் ஹாலில் மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும் பக்தித் தொடர் நின்று, அவன் பார்க்கும் ஏதோ ஒன்று ஓடும். அது என்னவாக இருந்தாலும் அடுத்த நாள் படிக்கட்டில் இரு வீட்டாரும் முகம் பார்த்துப் பேச முடியாது. ரவுட்டரில் 'கெஸ்ட்' இணைப்பு என்று ஒன்றைத் தனியாகத் திறந்து மாடிக்கு அதைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. டிவிக்கும் சும்மா மாடல் எண்ணை விட்டுவைக்காமல் 'கீழ் வீட்டு ஹால்' என்று பெயர் வைத்துவிடுங்கள்.

மிரரிங்கில் இருக்கும் ஆபத்து இதைவிடப் பெரியது. திரையில் வருவதெல்லாம் டிவிக்குப் போகும் என்றால் வங்கியின் ஓ.டி.பி.யும் போகும், வாட்ஸ்அப்பில் வரும் குடும்ப விவகாரமும் போகும். விருந்தினர் நிறைந்த வீட்டில் சீமந்த வீடியோ ஓடும்போது, 'அவங்க இன்னும் கிளம்பலையா?' என்று உறவினரின் மெசேஜ் 43 இன்ச் அகலத்தில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? மிரரிங்கைத் தொடங்கும் முன் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுவிடுவது நல்லது. ஆண்ட்ராய்டு 15 முதல், திரையைப் பகிரும்போது ஓ.டி.பி. போன்ற ரகசிய அறிவிப்புகளை மறைக்கும் ஏற்பாடு இருக்கிறது. பழைய போன்களில் அது கிடையாது.

வீட்டு டிவிக்கு அனுப்பும் வரை இது சங்கடத்தோடு போய்விடும். அதே திரையை முன்பின் தெரியாதவருக்கு அனுப்பினால் பணமே போகும். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் திரையைப் பகிரும் வசதி 2023 ஆகஸ்ட்டில் வந்தது. 'பேங்கிலிருந்து பேசுறோம், ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க, நாங்களே சரி பண்ணித் தர்றோம்' என்று பேசும் மோசடிக்காரர்கள் கேட்பது இந்த மிரரிங்கைத்தான். நம் போனில் வரும் ஓ.டி.பி.யை அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து படித்துவிடுவார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு மிரரிங் சொல்லிக்கொடுக்கும்போது, டிவியில் போனே தெரிவதைக் காட்டி, 'யாராவது ஷேர் பண்ணச் சொன்னா, இப்படித்தான் அவங்களுக்கும் எல்லாம் தெரியும்' என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அறிவிப்புப் பலகை படிப்பதைவிட இது மனதில் பதியும்.

2006 செப்டம்பர் 15-ல் தொடங்கி அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி சில வீடுகளில் இன்னும் ஓடுகிறது. அதில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள்தான் உண்டு, ஹெச்.டி.எம்.ஐ. கிடையாது. ஹெச்.டி.எம்.ஐ.யை அந்த மூன்று ஒயர்களுக்கு மாற்றும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. அதன் வழியே காஸ்ட் கருவியை மாட்டலாம். பூட்டுப் போட்ட படங்கள் சில சமயம் வராது, எழுத்து பொடியாகத் தெரியும், யூடியூப் பாட்டுக்குப் போதும்.

டிவியில் மாட்டும் கருவி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது குரோம்காஸ்ட். கூகுள் அதை 2013 ஜூலையில் 35 டாலருக்கு வெளியிட்டது. 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு 2,999 ரூபாய் விலையில் வந்தது. 2024 ஆகஸ்ட்டில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் ஒருநாள், இரண்டாம் தலைமுறைக் கருவிகள் உலகமெங்கும் திடீரென்று வேலை செய்ய மறுத்தன. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். சில நாட்களில் கூகுள் சரிசெய்தது. பதறிப்போய் 'ரீசெட்' கொடுத்தவர்களுக்குத்தான் கூடுதல் தலைவலி. இரண்டாம் கையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கருவியை வாங்குபவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

வீடியோ அழைப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் பல வீடுகளில் கோபித்துக்கொள்வார்கள். பிள்ளை துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறான், முகத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் அழைப்புக்கு காஸ்ட் கிடையாது, மிரரிங்தான் வழி. முகம் டிவியில் வரும், குரல் பெரும்பாலும் போனிலேயே வரும், ஸ்பீக்கரைப் போட்டுக்கொள்ள வேண்டும். கேமராவும் போனில்தான் என்பதை மறந்துவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்துப் பேசினால், அந்தப் பக்கம் இருப்பவருக்கு மோவாய்க்கட்டையும் மின்விசிறியும்தான் தெரியும்.

"இன்னாடா கண்ணு, உங்கப்பன் நான் சாப்பிட்டனான்னே கேக்காம, ஃபேன் ஏன் மெதுவா சுத்துதுன்னு கேக்கறான்?"

"ஆயா, அவருக்கு அதான் தெரியுது. போனை இப்படிக் குடு, டிவிக்குக் கீழ நிக்க வைக்கறேன். இப்ப அங்கேயே பாத்துப் பேசு."

டிவி ஸ்டாண்டில், திரைக்கு நேர் கீழே, ஒரு டம்ளரில் சாய்த்து வைத்தால் போதும். சார்ஜர் ஒயர் எட்டுகிற இடமாகப் பார்த்து வையுங்கள்.