உம்மாவின் தலையிடிக்கு ஒரு கொப்பி



இது பெண்கள் விஷயம். ஆனால் ஆண்களும் கடைசி வரை வாசியுங்கள். உங்கள் வீட்டிலும் 45 வயதைத் தாண்டிய ஓர் உம்மாவோ, மனைவியோ, ராத்தாவோ, மாமியோ இருப்பார்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். வாப்பாவுக்கு நெஞ்சு நோ என்றால் பக்கத்து வீட்டு வேனை எழுப்புவோம். உம்மாவுக்குத் தலையிடி என்றால் மட்டும் "ரெண்டு பெனடோல் போட்டுட்டுப் படுங்க உம்மா" என்போம். அவரும் போடுவார். ஆனால் படுக்கமாட்டார், உலையில் அரிசி கிடக்கும்.

45க்கும் 55க்கும் இடையில் பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடுகிறது. தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றதாகக் கணக்கு. அதற்கு முந்திய சில வருடங்களில் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் ஒரே அளவில் இருக்காது, ஏறும், இறங்கும். உடம்பு திடீரென்று கொதித்து வியர்ப்பது, தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது எல்லாம் இதனால்தான். இளவயதில் மாதவிடாயோடு சேர்ந்து ஒற்றைத் தலையிடி வந்தவர்களுக்கு இந்தக் காலத்தில் அது கூடுவதும் உண்டு. இது நடிப்பும் இல்லை, கண்ணூறும் இல்லை.

இதற்கு வைத்தியர்கள் ஹோர்மோன் மாற்றுச் சிகிச்சை கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் அது பொருந்தாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக்கட்டி வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். அதிலிருந்து இந்தச் சிகிச்சை என்றாலே உலகம் முழுக்கப் பயம். ஆனால் அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே கூட என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டல்.

என்னோடு படிப்பிக்கும் ஒரு ராத்தாவுக்கு இந்தச் சிகிச்சை தொடங்கியது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மூன்றாவது வாரம் தலையிடி வந்தது. வைத்தியரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. இரண்டு வகைக் குளிசையில் எது தலையிடியைத் தருகிறது என்று தானே யோசித்து, அதை மட்டும் விட்டுவிட்டார். அவர் விட்டது புரொஜெஸ்டரோன்.

இது ஆபத்தான வேலை. கர்ப்பப்பை உள்ள பெண் ஈஸ்ட்ரஜனை மட்டும் தனியே எடுத்துக்கொண்டிருந்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, நாளடைவில் புற்றுநோய்க்கும் வழி விடலாம். அதைத் தடுக்கத்தான் புரொஜெஸ்டரோனைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், அடுத்த கிளினிக்கில் விஷயம் வெளியே வந்தது. வைத்தியர் ஏசவில்லை, மருந்து எடுக்கும் முறையை மாற்றினார். "இதக் கேட்டிருந்தா அண்டைக்கே மாத்தித் தந்திருப்பாங்களாம்" என்று ராத்தா சொன்னார்.

என் கருத்து இதுதான். மருந்து தலையிடியைத் தந்தால் அதைச் சகிக்கவும் கூடாது, சத்தமில்லாமல் நிறுத்தவும் கூடாது. எழுத வேண்டும். பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். தேதி, தலையிடி தொடங்கிய நேரம், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், வாந்தியோ வெளிச்சக் கூச்சமோ இருந்ததா, அன்றைக்கு ஹோர்மோன் மருந்து எத்தனை மணிக்கு, வலிக்குளிசை எத்தனை. மாதவிடாய் இன்னும் வருகிறவர்கள் அந்த நாட்களையும் குறியுங்கள்.

இந்தக் கொப்பியால் மூன்று பிரயோசனம்.

ஒன்று, மருந்தை மாற்ற வைத்தியருக்கு அது வழி காட்டும். தொடங்கிய புதிதில் வரும் தலையிடி பலருக்கு மூன்று மாதத்துக்குள் தானாகத் தணிந்துவிடும். தணியாவிட்டால் அளவைக் குறைக்கலாம். குளிசையை விட்டுத் தோலில் ஒட்டும் பட்டிக்கோ பூசும் ஜெல்லுக்கோ மாறலாம். குளிசையில் ஹோர்மோன் ஏறி இறங்கும். தோல் வழியே சீராகப் போகும், இரத்தக்கட்டி ஆபத்தும் குறைவு. ஒற்றைத் தலையிடிக்காரருக்கு இதைத்தான் பெரும்பாலும் விரும்பிக் கொடுப்பார்கள். மாதத்தில் சில நாட்கள் மட்டும் புரொஜெஸ்டரோன் எடுக்கும்போது தலையிடி வந்தால் அந்த முறையையும் மாற்றலாம். உங்களுக்கு எது சரி, எது கிடைக்கும் என்று வைத்தியரிடமே கேளுங்கள்.

இரண்டு, வலிக்குளிசையின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பெனடோல் போன்றவற்றை மாதக்கணக்கில் போட்டு வந்தால் அந்தக் குளிசையே தலையிடியை உண்டாக்கும். கொடீன் கலந்தவைக்கு 10 நாளே போதும். "போட்டாலும் கேக்குதில்ல" என்று இன்னொன்று போடும் உம்மாமார் எத்தனை பேர்!

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். எங்கள் பெண்கள் வெட்கப்படுகிறார்கள். ஆண் வைத்தியர் முன்னால் மாதவிடாய் என்ற சொல்லே வாயில் வருவதில்லை. "தலையிடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். வாய் சொல்லாததைக் கொப்பி சொல்லும். நீட்டினால் போதும். எம்.ஓ.எச். அலுவலகத்தில் நடக்கும் சுவநாரி கிளினிக் 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கானது. அங்கே பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பை வாசல் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் நாள் கேளுங்கள். ஹோர்மோன் மருந்து எடுப்பவர் பிரஷர் பார்க்காமல் இருக்கவே கூடாது.

வீட்டில் பார்க்க வேண்டியதும் உண்டு. ஸ்கார்ஃப்புக்கு உள்ளே போடும் தொப்பி இறுக்கமாக இருந்தால் அதுவே தலையிடி தரும், தளர்த்திக் கட்டுங்கள். காலையில் பிள்ளைகளை அனுப்பும் அவசரத்தில் சாப்பிடாமல் இருப்பதும், தண்ணீர் குடிக்காததும் அப்படித்தான். நோன்பு வந்தால் தேயிலை நிற்கும், தூக்கம் குறையும், தலையிடி கூடும். ரமழானுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பிளேன்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். மருந்து நேரத்தை ஸஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ மாற்றலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டி நோன்பை முறிக்காது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தீர்மானித்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் உலமாவிடம் கேட்டுத் தெளிவாகுங்கள். பயந்து மருந்தை விடாதீர்கள்.

சில தலையிடிகளுக்குக் கொப்பி எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. இடி விழுந்ததுபோல் திடீரென்று வரும் கடும் தலையிடி, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், பார்வை மறைதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல். உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தலையிடி வந்து, தலை சீவும்போது நோவும் மெல்லும்போது தாடை நோவும் இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். கண் பார்வைக்கே ஆபத்தான நோயாக இருக்கலாம்.

கடைசியாகச் சகோதரர்களுக்கு. ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள், அது நம் ஈமான். கூடவே கிளினிக் நாளில் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுக் கூட்டிப் போங்கள். மருந்து தேடச் சொன்ன மார்க்கம்தான் நம்முடையது. உம்மா கட்டிலில் சாய்ந்திருக்கும்போது சோற்றை நாமே போட்டுச் சாப்பிட்டால் யாருக்கும் மரியாதை குறையாது.

இன்று மஃரிபுக்குப் பிறகு உங்கள் உம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மாசம் எத்தன நாள் தலையிடிச்சது உம்மா?" அவருக்குக் கணக்குத் தெரியாது. இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டுவிட்டு ஒரு கொப்பியும் பேனையும் கையில் கொடுங்கள்.

அல்லாஹ் நம் தாய்மாருக்கு ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.