வலி தணிந்தால் நோய் தீர்ந்ததா?

முழங்கால் வலியால் நாற்காலியில் அமர்ந்து தொழுபவர்கள் இன்று நம் பள்ளிவாசல்களில் பலர். அவர்களுள் ஒருவர் அக்குபங்சர் செய்துகொண்டபின் மீண்டும் தரையில் ஸஜ்தா செய்யத் தொடங்கினால், வீடுகளில் இரு குரல்கள் எழுகின்றன. ‘எல்லாம் மனப்பிரமை’ என்பது ஒன்று. ‘இனி ஆங்கில மருந்தே வேண்டாம்’ என்பது மற்றொன்று. இரண்டிலும் நமக்கு உடன்பாடில்லை.

வலியை உணரும் மூளையே அதை அடக்கவும் செய்கிறது. நடுமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை, மேலேறி வரும் வலிச் செய்தியை வழியிலேயே மட்டுப்படுத்துகிறது. மார்ஃபினை ஒத்த எண்டார்ஃபின், என்கெஃபலின் போன்றவற்றை அல்லாஹ் நம் உடலுக்குள்ளேயே வைத்திருக்கிறான். 1970களில் பீஜிங்கில் ஹான் ஜிஷெங் குழுவினர், அக்குபங்சர் செய்யப்பட்ட முயலின் மூளைத் தண்டுவடத் திரவத்தை வேறொரு முயலுக்குச் செலுத்தினர். ஊசியே படாத அந்த முயலுக்கும் வலி தாங்கும் திறன் கூடியது. முயலுக்கு ஏது மனப்பிரமை? 1977இல் அமெரிக்காவில் மேயர் குழுவினர், சோதனைக்காகப் பல்லில் வலி உண்டாக்கி அதை அக்குபங்சரால் தணித்தனர். பின்னர் மார்ஃபினின் செயலைத் தடுக்கும் நலாக்சோனைச் செலுத்தியபோது அந்த நிவாரணம் மங்கியது. பிந்தைய ஆய்வுகள் அனைத்தும் இதனோடு ஒத்துவரவில்லை என்பதும் உண்மை.

ஜெர்மனியில் 1,162 முதுகுவலி நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு இன்னும் சுவையானது. முறைப்படி ஊசி குத்தப்பட்டோரில் ஏறத்தாழ 48 சதவீதத்தினர் பயன் கண்டனர். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டோரிலும் 44 சதவீதத்தினர் பயன் கண்டனர்! வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27 சதவீதமே. ஊசி உதவுகிறது, எந்தப் புள்ளி என்பது, சொல்லப்படும் அளவுக்கு முக்கியமில்லை போலும்.

ஆனால், வலியைத் தணிக்கும் இந்தப் பாதை, செயலிழந்த கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்காது. மாத்திரையை நிறுத்தினால்தான் சிகிச்சை என்று நிபந்தனை விதிப்போர் நம் ஊர்களிலும் உண்டு. மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவிய நபி (ஸல்) அவர்கள், மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்றும் எச்சரித்துள்ளார்கள். இந்த இரண்டாவது ஹதீஸ் நம் மேடைகளில் ஏனோ அதிகம் கேட்பதில்லை.

நெஞ்சுவலிக்கு ஊசியைத் தேடிப் போகலாகாது. அங்கே வலியே எச்சரிக்கை மணி. மூட்டுவலிக்குப் போகும் உம்மாவையோ வாப்பாவையோ நாம் தடுக்க வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரையை அவர்கள் நிறுத்திவிடவில்லையே என்று மட்டும் அன்றிரவே கேட்டுக்கொள்வோம்.