முதலில் இடம், பிறகு சிரிப்பு!

1929இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் விட்கென்ஸ்டைன் என்னும் தத்துவஞானி, முன்னரே அச்சேறிய தமது நூலையே கலாநிதிப் பட்டத்துக்குச் சமர்ப்பித்தார். அது மேதையின் படைப்பென்பது தம் கருத்தென்றும், அது எவ்வாறாயினும் பட்டத்துக்குரிய தரம் அதற்குண்டென்றும் தேர்வாளர் மூர் குறும்பாக அறிக்கை எழுதினார். கற்றோர் சிரித்தனர், நாமும் சிரிக்கின்றோம்.

ஆனால், அது உள்ளே அமர்ந்தவருக்குரிய நகைச்சுவை. வாயிலில் நிற்பவருக்கு?

பேராதனையில் 1952இல் பல்கலைக்கழகம் எழுந்தது. அதற்கு முன்னரே, 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. அக்குறை முற்றாகத் தீரச் சட்டம் பிறந்தது 2003இல். தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்ததோ 1970களில். அட்டனிலும் நுவரெலியாவிலும் லயத்து அறையில் படித்து, கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் பின்னே இத்தனை ஆண்டுத் தாமதம் நிற்கின்றது. அவ்விண்ணப்பத்துக்கு வேடிக்கை வார்த்தை விடையாகுமா?

1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமேதும் பெறாத இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. விதியினும் அறிவு பெரிதெனக் கண்டது!

பல்கலைக்கழகத்தாரே! வழிகாட்டும் பேராசிரியர் யார், உதவித்தொகை எவ்வளவு என்று விடை எழுதுங்கள். முதலில் இடம் தாருங்கள்; பிறகு சேர்ந்தே சிரிப்போம்!