பழைய இரும்புக்குப் போகும் பாட்டு

வேடந்தாங்கல் ஏரிக்கு ஆண்டுதோறும் வரும் பறவைகளை யாவரும் அறிவர். அவற்றைக் காத்தவர் யார் என்பதை அறிந்தவர் சிலரே. அரசு அங்கே சரணாலயம் என்று பலகை நாட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே அவ்வூர் உழவர்கள் காத்தார்கள். பறவைகளைச் சுட்டு வீழ்த்திய வெள்ளைச் சிப்பாய்கள்மீது முறையிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேசிடம் உரிமைச் சீட்டு ஒன்றைப் பெற்றார்கள். 1858-இல் அதனைப் புதுப்பித்தும் கொண்டார்கள். இரக்கம் மட்டுமா இதற்குக் காரணம்? அன்று. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு உரமாயிற்று. பயன் கண்டார்கள், காத்தார்கள், காத்ததை எழுத்திலும் பதித்துக்கொண்டார்கள்.

பறவைக்கு ஓர் ஏழைச் சிற்றூர் செய்த இந்த மூன்றையும், மனிதக் குரலுக்குச் செய்ய நம் இல்லங்களுக்கு மனம் வரவில்லையே என்பதுதான் என் வழக்கு. நான் பேசுவது இசைத்தட்டுகளைப் பற்றி.

ஒரு காலத்தில் செங்கற்பட்டு, மதுராந்தகம் பக்கத்து ஊர்களில் நம்மவரின் மணவீட்டை வழிகேட்டுச் செல்ல வேண்டியதில்லை. தென்னை மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியே அழைத்துச் சென்றுவிடும். நாகூர் ஈ.எம். ஹனீபாவின் (1925–2015) கணீர்க் குரல் தெருமுனையில் வந்து நம்மை எதிர்கொள்ளும். காயல் ஷேக் முகமதும் காரைக்கால் தாவூதும் அவ்வாறே நம் வீட்டாராகி நின்றார்கள். அந்தக் குரல்கள் நம் பந்தலோடு நின்றுவிடவும் இல்லை. 1961-இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு ஹனீபா பாடிய பாட்டை எல்லாச் சமயத்தாரும் தம் பாட்டாகவே ஏற்றார்கள்.

1980-களில் ஒலிநாடா வந்தது. தட்டுகள் பரணுக்குப் போயின. இன்று பரணிலிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. ‘மைக் செட்’காரர்களின் மரப்பெட்டிகளும் அவ்வழியே போகின்றன.

இதே நாளில்தான் இசைத்தட்டுக்கு மறுவாழ்வு வந்திருக்கிறது என்பது வியப்பு! பீட்டில்ஸ், பாப் டிலன், பிங்க் ஃபிளாய்ட் தட்டுகளைச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, அட்டை தெரியச் சுவரில் சாத்தி வைக்கும் இளைஞர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. அவர்கள் வாங்குவதை நான் குறை கூறவில்லை. நல்ல பாட்டுக்கு நாடு ஏது? ஆனால், அவர்கள் போற்றும் பாட்டு எங்கிருந்து முளைத்தது என்பதை எண்ணிப் பார்த்தார்களா?

அமெரிக்காவில் ஹாரி ஸ்மித் என்றொருவர் இருந்தார். யாரும் சீந்தாத பழைய 78 சுற்றுத் தட்டுகளைத் தேடித் திரட்டினார். திரட்டியதோடு நில்லாமல் கேட்டார்; தெரிந்தெடுத்தார்; குறிப்பு எழுதினார். மலைநாட்டு உழவரும் கறுப்பின மக்களும் பாடிய 84 பாடல்களை 1952-இல் ஆறு நெடுந்தட்டுகளாக வெளியிட்டார். பாப் டிலனின் தலைமுறை அவற்றைக் கேட்டு வளர்ந்தது. அந்த டிலனுக்கே 2016-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆக, நம் பிள்ளைகள் விலை கொடுத்து வாங்கும் அந்த இசையே, வேறொரு நாட்டில் ஒருவர் பாட்டன் காலத்துத் தட்டுகளைக் குப்பைக்கு விடாமல் காத்ததன் விளைச்சல். பிறர் வீட்டு விளைச்சலை விலைக்கு வாங்கிவிட்டு, தன் வீட்டு விதைநெல்லைக் குப்பையில் கொட்டுவது என்ன அறிவுடைமை?

இன்னொன்றும் கேளுங்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் பீட்டில்ஸ் பாடல்கள் 78 சுற்றுத் தட்டுகளாக அச்சாயின. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைப் பெருவிலை கொடுத்துத் தேடுகிறார்கள். ஹனீபாவின் தட்டுகளை வெளியிட்டதும் அதே நிறுவனந்தான். ஒன்றுக்குக் கண்ணாடிப் பேழை. மற்றொன்றுக்குத் தராசுத் தட்டு!

“எல்லாம் இணையத்தில் இருக்கிறதே” என்பார்கள். பாட்டு இருக்கிறது, பாட்டின் பிறப்புச் சான்று இருக்கிறதா? இறைவன்முன் கையேந்தச் சொல்லும் ஹனீபாவின் அந்தப் பாட்டை அறியாத தமிழர் இலர். அதை எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்பதை எத்தனை பேர் அறிவர்? எழுதியவர் யார், இசை அமைத்தவர் யார் என்பதைச் சொல்லும் சான்று தட்டின் நடுவே ஒட்டிய வட்டத்தாள். ஒருவர் ஏற்றியதை மற்றவர் படியெடுக்கும் இணையத்தில் முதலில் உதிர்வது எழுதியவன் பெயர். தட்டு உடைந்தால் பாட்டு மட்டுமா போகிறது? ஒரு புலவனின் பெயரும் போகிறது.

“இசை எங்களுக்கு வேண்டா” என்போரும் உண்டு. கேட்க விரும்பாதவர் கேட்க வேண்டா. எறியாமல், கேட்பவரிடம் கொடுத்துவிடலாமே! அதற்கென்ன தடை?

செய்ய வேண்டுவது பெரிதன்று. பரணில் ஏறுங்கள். தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கினால் ஆனது. ஆல்கஹால் கலந்த நீர்மத்தால் துடைத்தால் கரைந்துவிடும். அதன் பள்ளம் அகலமானது. நெடுந்தட்டுக்குரிய நுண்ணூசியை அதில் இடலாகாது. அதற்குரிய ஊசியும் 78 சுற்று வேகமும் உள்ள கருவியில் ஒருமுறையேனும் ஓடவிட்டுப் படியெடுங்கள். பக்கத்திற்கு மூன்று நிமிடந்தான். பின்னர் ஒரு குறிப்பேட்டில் தட்டின் எண், பாடியவர், எழுதியவர், இசை அமைத்தவர் என நான்கையும் எழுதுங்கள். வட்டத்தாளையும் படம் பிடித்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு கேளுங்கள். சுவரில் சாத்திய தட்டு வெறும் அட்டைப்படம். விலை ஏறட்டும் என்று உறை பிரிக்காமல் வைத்த தட்டு வெறும் பங்குப் பத்திரம். கேட்கப்படும் தட்டே காக்கப்படும் தட்டு. ஏரியால் விளைந்த வயலுக்காகத்தான் வேடந்தாங்கல் உழவன் பறவையைக் காத்தான். நம் வீட்டில் அந்தப் பாட்டு ஒலிக்கும்வரைதான் தட்டைத் தராசில் வைக்க ஒருவருக்கும் கை எழாது.