"அழிச்சுப்போட்டுத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணு"

என் மச்சாள் ஒருத்தி ஜாவா சேர்வ்லெட் பாடத்தை விட்டிட்டாள். "உனக்கு இது சரிவராது பிள்ளை" எண்டு படிப்பிக்கிறவர் சொன்னாராம். அவள் எழுதினது பிரவுசரில் "வணக்கம்" எண்டு காட்டுற இருபது வரி. லப்டொப்பை வாங்கிப் பார்த்தேன். அவளுடைய லொஜிக்கில் ஒரு பிழையும் இல்லை.

முதல் நாள் கொம்பைலரைக் கூப்பிட்டால், அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்றிருக்கிறது விண்டோஸ். பாத் என்பது கட்டளைகளைத் தேடவேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல், அவ்வளவுதான். ஜேடிகேயின் 'பின்' ஃபோல்டரை அதில் சேர்க்கவேண்டும். அவள் சேர்த்திருக்கிறாள். ஆனால் அதே கறுப்பு விண்டோவில் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறாள். ஏற்கெனவே திறந்திருக்கிற விண்டோவுக்குப் புதுப் பாத் தெரியாது, மூடித் திறக்கவேணும். இதைச் சொல்ல அரை நிமிசம் காணும். கிடைத்த பதில்: "அழிச்சுப்போட்டுத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணு."

அடுத்தது, சேர்வ்லெட் பக்கேஜ் இல்லை என்ற பிழை. அது இல்லாமல்தான் இருக்கும். சேர்வ்லெட் ஜேடிகேயோடு வருவதில்லை. டொம்கட்டின் 'லிப்' ஃபோல்டருக்குள் இருக்கிற சேர்வ்லெட் ஏபிஐ ஜாரை கிளாஸ்பாத்தில் கொடுக்கவேண்டும். பாத் கொம்பைலரைக் கண்டுபிடிக்க. கிளாஸ்பாத் கொம்பைலர் மற்ற கிளாஸ்களைக் கண்டுபிடிக்க. இந்த ரெண்டையும் ஒண்டாக்கிக் குழப்பித்தான் பாதி நோட்ஸ் ஓடுது.

அவள் ஜாரையும் சரியாகவே கொடுத்தாள். பிறகும் அதே பிழை, எழுத்து மாறாமல். இந்த இடத்தில்தான் அவள் உடைஞ்சு போனாள்.

அவளிடம் இருந்தது டொம்கட் 10. அந்தப் பதிப்பிலிருந்து பக்கேஜின் பெயர் 'ஜாவாக்ஸ்' இல்லை, 'ஜகார்த்தா'. கையில் இருந்த நோட்ஸ் பழசு, இம்போர்ட் வரியில் பழைய பெயர். அதை வைத்துக்கொண்டு நூறு தரம் இன்ஸ்டோல் பண்ணினாலும் அது கொம்பைல் ஆகாது. பெயரை மாற்றினோம், ஓடியது.

"ஐடிஈ பாவிச்சால் இந்தக் கரைச்சல் இல்லையே" எண்டு சொல்லுற அண்ணாமாரே, நானும் அதைத்தான் பாவிக்கிறேன். ஆனால் அதுவும் உங்களுக்காக இதே கிளாஸ்பாத்தைத்தான் எழுதுது. பிழைச்சால் எங்க பார்க்கிறது எண்டு தெரியாதவர் அதற்குள்ளும் முழிக்கத்தான் வேணும். இன்னொரு கூட்டம் கிளாஸ்பாத்தை நிரந்தரமாக சிஸ்டத்தில் போடச் சொல்லும். அதில் ஒரு புள்ளியைச் சேர்க்க மறந்தால், நிக்கிற ஃபோல்டரில் இருக்கிற உங்கட சொந்தக் கிளாஸே அதுக்குத் தெரியாது. டொம்கட்டின் ஸ்டார்ட் ஸ்கிரிப்டோ அந்த செட்டிங்கைத் திரும்பியும் பார்க்காது. கொம்பைல் பண்ணும்போது '-சிபி' போட்டுக் கொடுத்தால் போதும்.

பிழைச் செய்தியை ஒருக்கா இருந்து வாசிக்காமல், ஒரு பிள்ளையின் மூளையை அளக்கிற துணிவு எங்கிருந்து வருது? சேர், அடுத்த பட்ச் தொடங்க முதல், எந்த ஜேடிகே, எந்த டொம்கட் எண்டு நோட்ஸின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கோ. மச்சாளும் திரும்ப வாறாள், முன்வாங்கில்தான் இருப்பாள்.