15 கிராமுக்குள்



கோடை விடுமுறை பிறந்துவிட்டால் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் வட்டாரத்து வீடுகளில் பரண்மேல் கிடக்கும் கேரம் பலகை கீழே இறங்கிவிடும். வெளியே தலைகாட்ட முடியாத வெயில். உள்ளே நால்வர் கூடி அமர ஒரு பலகை. இந்த வறண்ட காற்றை நம்பித்தான் 1923-ஆம் ஆண்டில் தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றியது. பின்னர் பட்டாசும் அதனைத் தொடர்ந்தது. மழை பொய்த்த பூமி என்று நாம் அலுத்துக்கொள்ளும் அதே வறட்சி, கேரம் ஆடுவோர்க்கு மட்டும் பெரும் பேறு. கடற்கரை ஊர்களில் ஈரக்காற்றுப் பட்ட பலகையின்மேல் பவுடர் திப்பிதிப்பியாய் ஒட்டிக்கொள்ளும். காய் பாதி வழியில் படுத்துவிடும். நம் பக்கத்திலோ போரிக் பவுடர் ஒரு சிட்டிகை தூவினால் போதும்; காய் கண்ணாடிமேல் வழுக்குவதுபோல் ஓடும்.

அப்படியிருந்தும் நம் வீடுகளில் ஸ்ட்ரைக்கர் வாங்கும் முறை நமக்கு வியப்பளிக்கின்றது. தந்தையோ தமையனோ கடைக்குச் செல்கிறார். உள்ளங்கையில் ஒவ்வொன்றாய் வைத்துத் தூக்கிப் பார்க்கிறார். இருப்பவற்றுள் கனமானதைத் தேர்ந்தெடுத்து வருகிறார். ‘கனமாயிருந்தால்தான் அடி விழும்’ என்பது அவர்தம் முடிவு. அந்த ஸ்ட்ரைக்கரைக் கொண்டு பத்து வயதுச் சிறுமியும் ஆடவேண்டும். அவள் அடிக்கும் அடி எதிர்க்கோட்டைத் தாண்டாது; நகக்கண் சிவந்துபோகும்; இரண்டு நாளில் ‘எனக்கு இந்த ஆட்டம் வராது’ என்று எழுந்து போய்விடுவாள். வராதது ஆட்டமன்று, ஸ்ட்ரைக்கர் அவள் விரலுக்கு ஒவ்வாதது.

விதி என்ன சொல்கிறது என்று முதலில் காண்போம். பன்னாட்டுக் கேரம் சம்மேளனம் 1988-ஆம் ஆண்டு நம் சென்னையிலேயே தொடங்கப்பெற்றது. அதன் விதிப்படி ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மிகலாகாது, குறுக்களவு 4.13 சென்டிமீட்டருக்கு மிகலாகாது. தந்தத்தாலோ உலோகத்தாலோ செய்தது கூடாது. கவனியுங்கள்: எடைக்கு மேல்வரம்பு மட்டுமே விதித்துள்ளனர். இத்தனை கிராமாவது இருக்கவேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. 11, 12 கிராம் ஸ்ட்ரைக்கரை எடுத்து ஆடுகிறவர் விதியை மீறியவரும் அல்லர். விளையாட்டுச் சாமானோடு வந்தவரும் அல்லர்.

எடை குறைந்தால் அடியும் அதே விகிதத்தில் குறையுமே என்பார்க்குச் சிறு கணக்கு ஒன்று. கேரம் காயின் எடை 5 முதல் 5.5 கிராம் வரை. 15 கிராம் ஸ்ட்ரைக்கர் ஒன்றும் 10 கிராம் ஸ்ட்ரைக்கர் ஒன்றும் ஒரே வேகத்தில் சென்று ஒரு காயை நேர்நெற்றியில் மோதுவதாகக் கொள்வோம். முதலாவது காய்க்குக் கொடுக்கும் வேகம் 100 என்றால், இரண்டாவது கொடுப்பது ஏறத்தாழ 88. எடையில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. காயின் வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான் போயிற்று. அதுவும் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால்தான் இந்தக் கணக்கு. மெலிந்த விரலால் இலேசான ஸ்ட்ரைக்கரை அதிக வேகத்தில் விரட்ட முடியுமன்றோ? விரல் ஈந்த ஆற்றல் இரண்டிற்கும் ஒன்றே என்று வைத்துக் கணக்கிட்டால் 100-க்கு 108 என்று இலேசானதே முந்திவிடுகிறது! பள்ளிக்கூடத்துப் பௌதிகம் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தாளும் பென்சிலும் எடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. நேராக மோதியபின் 15 கிராம் ஸ்ட்ரைக்கரிடம் ஏறத்தாழப் பாதி வேகம் எஞ்சியிருக்கும். 10 கிராமிடம் மூன்றில் ஒரு பங்கு அளவே எஞ்சும். காயைத் துரத்திக்கொண்டு ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் விழுந்து, போட்ட காயை எடுத்து நடுவே வைக்கும் அபராதம் இதனால் குறையும். புதிதாய் ஆடுவோர் இந்த அபராதத்தாலேயே மனம் சோர்ந்துவிடுகின்றனர்.

ஆயினும் கனமான ஸ்ட்ரைக்கருக்கு ஒரு பெருமையும் இல்லை என்று சொல்லோம். ஆட்டம் தொடங்கும்போது சிவப்பையும் சேர்த்து 19 காய்கள் நெருங்கி நிற்கின்றன; எல்லாமாய் 100 கிராம் அளவு. அந்தக் கூட்டத்தைக் கலைக்கக் கனமே கைகொடுக்கும். ஓரஞ்சீவி அடிக்கும்போதும் கனமானது வழி பிறழாமல் செல்லும். இலேசானது சற்று ஒதுங்கிப்போகும். வலிய விரல் படைத்தோர் 15 கிராமையே வைத்துக்கொள்ளட்டும். அவரோடு நமக்கு வழக்கில்லை.

சென்னை போன்ற பெருநகரங்களில் வணிக வளாகத்துள் பௌலிங் என்றோர் ஆட்டம் ஆடுகின்றனர். வழுக்குத் தரையில் பெரிய பந்தை உருட்டி 10 கட்டைகளை வீழ்த்துவது. பந்தின் உச்ச எடை 16 பவுண்டு, அதாவது 7.26 கிலோ, கட்டை ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அங்கும் கீழ்வரம்பு கிடையாது. சிறுவர்க்கும் மூட்டுவலி உடையார்க்கும் அதில் பாதி எடையுள்ள பந்துகளும் அடுக்கி வைத்திருப்பர். கையை இழுக்கும் பந்தைக் காட்டிலும் கை இழுக்கும் பந்தே கட்டைகளை நன்கு சாய்க்கும் என்பது அவ்வாட்டத்திலும் அனுபவப் பாடம். அந்தப் பந்து நம் ஊர்ப்பக்கம் வந்து சேர எத்தனை காலம் ஆகுமோ!

நம் மன்றத்துக்கு மாலைதோறும் வரும் ஒருவரை இங்கே குறிப்பிடாதிருக்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்குமுன் பட்டாசு வெடிவிபத்தில் வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் நுனியிழந்தவர். எஞ்சிய தோல் இறுகி, எதன்மேல் பட்டாலும் சுரீரென வலிக்கும். விபத்துக்குமுன் ஆடிய அதே கனமான ஸ்ட்ரைக்கரை மோதிர விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்; பிறகு பலகைப் பக்கமே வராமல் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கலானார். தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் எங்கிருந்தோ 11 கிராம் அளவில் ஒன்றைத் தேடிக் கொணர்ந்து அவரிடம் நீட்டினான். அருகிலிருந்த வேறொருவன், “என்ன அண்ணாச்சி, சட்டைப் பொத்தானைக் கொண்டு ஆட வந்துட்டீங்க?” என்று நகைத்தான். அவர் மோதிர விரலாலேயே சுண்டினார். மூலைக்காய் சப்தமின்றிக் குழியில் இறங்கிற்று. “பொத்தானா இல்லையான்னு குழியைக் கேளு தம்பி” என்றார். இப்போது அவர் அமர்ந்த பக்கம் ஜோடி சேர இளைஞர் முந்துகின்றனர்.

இனிக் கடையில் செய்யவேண்டியன. எடையைக் கையால் மதிப்பிடாதீர். தெரிந்த நகைக்கடையில் தராசுமேல் வைத்துப் பாருங்கள். மேசைக் கண்ணாடிமேல் ஸ்ட்ரைக்கரைக் கிடத்தி விளிம்பை மாறி மாறி விரலால் அழுத்துங்கள். ‘டிக் டிக்’ என்று ஆடினால் அடிப்பாகம் சமமில்லை. சக்கரம்போல் நிறுத்தி உருட்டுங்கள். ஒரு பக்கமாகவே வளைந்து ஓடினால் வட்டமோ எடையோ பிசகியிருக்கும். நகத்தால் விளிம்பைச் சுற்றி வாருங்கள். சிறு பொளிவு இருந்தாலும் காய் கோணலாய்ப் போகும். பானை வாங்குவார்போல் தட்டியும் பாருங்கள்: கெட்டியான பொருள் கணீரென்னும், மட்டமான பிளாஸ்டிக் ‘மொத்’ என்னும். இலேசான ஸ்ட்ரைக்கரின் உயிர்நிலை இதுவே. மெத்தென்ற பொருள் மோதலின் ஆற்றலைத் தானே விழுங்கிவிடும். எடையும் இல்லை, அடியும் இல்லை என்றாகும்.

குறுக்களவைச் சுருக்கி எடை குறைத்தவற்றைத் தவிர்த்து, முழு அகலத்தோடு சற்றே மெலிந்ததை எடுப்பது நலம். பழகிய குறி மாறாது. ஆனால் மிக மெலிந்ததும் ஆகாது. காயின் விளிம்பு உருண்டது. அதன் இடுப்புக்குக் கீழே ஸ்ட்ரைக்கர் மோதினால் காய் துள்ளும். கடையிலேயே ஒரு காயை அருகில் வைத்து ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

1991, 1995 ஆகிய ஈராண்டுகளில் உலகப் பட்டம் வென்ற சென்னை மரிய இருதயம் அவர்களையும், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமாவையும் நாம் அறிவோம். அவ்விருவர் புகைப்படத்தையும் வீட்டில் ஒட்டிவைத்துவிட்டு, மகளுக்கு மட்டும் தமையனின் ஸ்ட்ரைக்கரைக் கொடுத்து ஆடச் சொல்லும் பெற்றோர் பலர். கடைக்குப் போகும்போது அவளையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே மாதிரிப் பலகை ஒன்று விரித்திருப்பார்கள். மூன்று நான்கு ஸ்ட்ரைக்கரைக் கொண்டு, ஒவ்வொன்றாலும் பத்து அடி அடித்துப் பார்க்கட்டும். பத்தாவது அடியும் முதல் அடிபோலவே ஓடுகிறதா என்று பாருங்கள். விரலைத் தடவிக்கொள்கிறாளா என்றும் பாருங்கள். கடைக்காரர் முகஞ்சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். விருதுநகர் பஜாரில் கடைகளுக்கா பஞ்சம்!