பெட்டி அழகாயிருந்தால் போதுமா?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் மங்குஸ்தான் பழமும் கடைகளுக்கு வந்துவிடும். வாங்கத் தெரிந்த சகோதரிகள் அதன் நிறத்தைப் பார்த்து மயங்க மாட்டார்கள். கையில் எடுத்து மெல்ல அமுக்கிப் பார்ப்பார்கள். ஓடு கல்லாயிருந்தால் கூடையிலேயே திரும்பப் போட்டுவிடுவார்கள். பிறகு பழத்தைத் தலைகீழாகத் திருப்புவார்கள். அடியில் பூப்போல ஒரு குறி இருக்கிறதல்லவா? அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை!

இவ்வளவு சாமர்த்தியமும் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் எங்கேதான் போய் ஒளிந்துகொள்கிறதோ, தெரியவில்லை!

தென்காசிக்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல. பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-லேயே அலுவலகம் திறந்துவிட்டது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமும் ஆயிற்று. பிள்ளையின் படிப்பு, பெண்ணின் உத்தியோகம், கடைக் கணக்கு, கல்யாணப் படங்கள் எல்லாம் இன்று அந்தப் பெட்டிக்குள்தான். நீங்களும் ஒன்று வாங்கக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். கடைக்காரர் பட்டியல் போடுகிறார். தொகை சற்று எகிறுகிறது.

"ஏதாவது குறைக்க முடியாதா?" என்கிறீர்கள்.

"கேபினெட்டிலே குறைச்சுடலாம்மா! வெறும் பெட்டிதானே? இதைப் பாருங்க, முன்னாலே கண்ணாடி, உள்ளே வர்ண விளக்கு. 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். இதோடயே இனாம்!"

இனாம்! அந்தச் சொல்லுக்கு மயங்காத மனிதர் உண்டா? வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ். என்பது கேபினெட்டின் மூலையில் உட்கார்ந்திருக்கும் சிறு இரும்புப் பெட்டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாகப் பக்குவப்படுத்தி ஒவ்வோர் உறுப்புக்கும் பரிமாறுவது அதுதான். கம்ப்யூட்டரின் சமையற்கட்டு என்றே சொல்லலாம். சமையல் கெட்டால் வீட்டில் யாருக்குத்தான் வயிறு சரியாயிருக்கும்?

மலிவாக விற்பவர் எதில் மிச்சம் பிடிக்கிறார்? வெளியில் தெரியாத இடத்தில்தான்! மின்சாரத்தின் கரடுமுரட்டை வடிகட்டும் உறுப்புகள் இருக்காது. கெபாஸிடர் சிறியதாயிருக்கும். கம்பி மெலிந்திருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், அளவு மீறினால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு ஏற்பாடு இருக்காது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். கெட்டால் பெரும்பாலும் தான் மட்டும் கெடும். மட்டமானதோ போகிற போக்கில் மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விடும். மதர்போர்டைக் காசு கொடுத்து வாங்கலாம். குழந்தையின் முதல் பிறந்த நாள் படங்களை எந்தக் கடையில் வாங்குவது?

நம் பக்கத்துக்கு இது இன்னும் அதிகப் பொருத்தம். ஆடிக் காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் மின்சாரம் போவதும் வருவதுமாகக் கண்ணாமூச்சி ஆடும். ஐப்பசி பிறந்தால் இடியும் மின்னலும். "எங்கள் வீட்டில் யூ.பி.எஸ். இருக்கிறதே!" என்பீர்கள். சாதாரண யூ.பி.எஸ். பாட்டரிக்கு மாறுவதற்கு வினாடியில் சுமார் நூறில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். அந்தக் கணத்தைத் தாங்க எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் நல்ல கெபாஸிடர் வேண்டும். யூ.பி.எஸ். இருந்தும் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தால், காரணங்களில் இதுவும் ஒன்று.

அப்படியானால் எப்படிப் பார்த்து வாங்குவது? மங்குஸ்தானைத் திருப்பியது போல எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் திருப்புங்கள். பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பெரிய எழுத்தில் உள்ள 450-ஐ விட்டுவிடுங்கள். 12 வோல்ட் என்பதற்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்று இருந்தால், பன்னிரண்டு பதினாறு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அதாவது 192 வாட்! இன்றையக் கம்ப்யூட்டர் பெரும்பகுதியும் இந்த 12 வோல்ட்டில்தான் உயிர் வாழ்கிறது. படிப்புக்கும் கணக்குக்கும் 192 வாட் போதுமே என்று தோன்றலாம். ஆனால் சீட்டிலேயே ஆளை ஏய்ப்பவர், உள்ளே மட்டும் நேர்மையாயிருப்பாரா? நாளைக்குப் பையன் விளையாட்டுக்கென்று கிராபிக்ஸ் கார்டு சேர்த்தானானால் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிடும்.

அடுத்து, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மின்னணுச் சாமான்களுக்குக் கட்டாயப் பதிவு வேண்டுமென்ற அரசாங்க ஆணை 2012-ல் வந்தது. தனியாக விற்கும் எஸ்.எம்.பி.எஸ். பிற்பாடு அதில் சேர்ந்தது. அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், அசலா போலியா என்று கையோடு தெரிந்துவிடும். '80 ப்ளஸ்' என்ற முத்திரை, வாங்குகிற மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பது பங்காவது வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதற்கு அடையாளம். கரண்ட் பில்லுக்கும் அது நல்லது.

இனி கேபினெட். தகடு அப்பளம் போல நெளிந்தால் வேண்டாம். உள் விளிம்பில் ஜாக்கிரதையாக விரலை ஓட்டிப் பாருங்கள். மட்டமான பெட்டியில் கத்தி தோற்கும்! முன்பக்கம் கண்ணாடியால் மூடியிருந்தால் காற்று எந்த வழியாக நுழையும்? வலை போட்ட முகப்பும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ளதாகப் பாருங்கள். சாரல் காலத்து ஈரமும் தூசியும் கலந்து உள்ளே படிவது நல்லதல்ல. பின்பக்கத்து ஓட்டைகளை மூடிவையுங்கள். பல்லி குடித்தனம் வந்தால் அதற்கும் ஆபத்து, கம்ப்யூட்டருக்கும் ஆபத்து.

பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறதா? முதலில் பிளக்கில் எர்த் சரியாயிருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் தொடுகிற சாமான். நாளைக்கு என்று ஒத்திப்போட வேண்டாம்.

"ஏற்கெனவே வாங்கித் தொலைத்துவிட்டோமே!" என்கிறீர்களா? கவலை வேண்டாம். முழுக் கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டியதில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் நல்லதாக மாற்றினால் போதும். பழையதைத் திறந்து பார்க்கும் ஆராய்ச்சி மட்டும் கூடாது; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். எது வாங்கினாலும் பில்லும் வாரண்டிச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கும் முதலில் பில்தான் பேசும்.

சிக்கனம் நல்ல குணம்தான், சகோதரிகளே! அடுத்த முறை பட்டியல் போடும்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸை முதல் வரியிலே எழுதச் சொல்லுங்கள். குறைத்தே ஆகவேண்டுமென்றால் அந்த வர்ண விளக்கைக் குறையுங்கள். பிள்ளை படிப்பதற்கு மேஜை விளக்கின் வெளிச்சமே போதும்.